நிர்வாகியின் அனுமதி தேவை

திங்கள் காலை ஒன்பதுக்குத்
தொழிலாளர் இலாகாவில் விசாரணை.
இன்று சனி, இரவு பத்தே முக்கால்.
ஜெலுத்தோங் அடுக்ககத்தின் பதினான்காம் மாடியில்
மின்விசிறியை லாப்டாப் பக்கம் திருப்பிவிட்டு
வியர்த்துக்கொண்டிருக்கிறேன்.

முப்பத்தொரு படங்கள்.
பாயான் லெப்பாஸ் கம்பெனியில்
ஓவர்டைம் முடிந்து கிளம்பும்போதெல்லாம்
பஞ்ச் கார்டைக் கைப்பேசியில் பிடித்து
இதில் ஏற்றி வைத்தேன்.
கைப்பேசி மார்ச் மாதம் ஃபெரியிலிருந்து
கடலுக்குள் போய்விட்டது.
போன மாதம், இடமில்லை இடமில்லை என்று இது நச்சரிக்க
'பழையது' என்றொரு கோப்புறையை அழித்தேன்.
குப்பைத்தொட்டியையும் கவிழ்த்தேன்.
யாரும் வற்புறுத்தவில்லை.

மீட்பு மென்பொருளின் முதல் வரியே எச்சரிக்கை:
கோப்புகளை இழந்த வட்டிலேயே என்னை நிறுவாதே.
நிறுவினால்
தேடும் பொருளின் மேலேயே
தேட வந்தது உட்கார்ந்துவிடும்.
இரண்டு முறை வாசித்தேன்.
இரண்டாம் முறை சத்தமாக.

எதிர்வீட்டு நஸீராவின் கதவைத் தட்டி
பென்டிரைவ் வாங்கி வந்தேன்
(அவள் மகனின் பள்ளி ஓட்டப்பந்தயம் அதில் இருக்கிறது,
பத்திரம் என்றாள்).
அதிலேயே இறக்கி, அதிலேயே நிறுவினேன்.
அறுபத்திரண்டு விழுக்காட்டில் நின்றது.
அணைத்து எழுப்பினேன். அறுபத்திரண்டு.
மூன்றாம் முறை வாய் திறந்தது:
நிர்வாகியின் அனுமதி தேவை.
கீழே ஒரு பெயர், தியோ எங் ஹுவாட்.
பக்கத்தில் கடவுச்சொல்லுக்கு ஒரு வெள்ளைக் கட்டம்.

மெக்கலம் ஸ்திரீட்டில் ஒரு மீக்கடை மூடியபோது
கடைக்கணக்கு எழுதிய லாப்டாப்பை
நானூறு ரிங்கிட்டுக்கு வாங்கினேன்.
நான்கு வருடமாய் இதற்குள்
நான் விருந்தினர்.
இன்றைக்குத்தான் கவனித்தேன்.

சார்ஜரின் அடியில் ஒட்டிய காகிதத்தில்
கடையின் நம்பர் பாதி அழிந்திருந்தது.
கடைசி எண் மூன்றா எட்டா?
மூன்றை எழுப்பினேன், அவன் திட்டினான்.
எட்டு எடுத்தார். பின்னால் டிவி சத்தம்.
"அந்த மிஷின் இன்னும் ஓடுதா?"
பாஸ்வேர்ட் என்றதும் சிரித்தார்.
மக்கான் டூலு.
எல்லாம் சின்ன எழுத்து, நடுவில் இடம் விடாதே.
முதலில் சாப்பிடு.
கடையில் பசங்களிடம் சொல்லிச் சொல்லி
விரலுக்கு அதுதான் வரும் என்றார்.
"நீ சாப்பிட்டாச்சா?"
ஆச்சு அங்கிள் என்று பொய் சொன்னேன்.

கட்டம் திறந்தது.
உடனே வைரஸ் காவலன் பாய்ந்து
மென்பொருளைத் திருடன் என்று அமுக்கியது.
திருடன்தான், விடு என்று பொத்தானை அழுத்தினேன்.
அறுபத்திரண்டு. அறுபத்து மூன்று.
நூறு வந்தபோது
பாலத்தில் லாரிகள் மட்டும் போய்க்கொண்டிருந்தன.

ஒன்றே முக்காலுக்கு வட்டை உழுது முடித்தது.
ஒன்பதாயிரம் கோப்புகள்,
ஒன்றுக்கும் பெயரில்லை, எண்தான்.
என் பஞ்ச் கார்டுகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன.
சில, பாதிக்குக் கீழே சாம்பல் பட்டை.
சிலவற்றில் தேதி உண்டு, மணி இல்லை.
பிப்ரவரி முழுசாகக் கிடைத்தது,
அதிகாலை 2.13 என்பது கண்ணை இடுக்காமலே தெரிகிறது.
பத்தொன்பது தேறின.

நடுவில் நடுவில் அவருடையவை.
மீன் பில். மீ கிண்ணங்கள், விலைப்பலகைக்காக இருக்கும்.
பாதி இறக்கிய ஷட்டரின் முன்னால்
ஏப்ரன் கட்டிய ஒருத்தி,
எடுக்காதே என்று உள்ளங்கையை நீட்டி
விரல்களுக்குப் பின்னால் சிரிக்கிறாள்.
அழித்துவிட்டுத்தான் விற்றிருக்கிறார்.
என்னைப் போல இடத்துக்காகவா,
இல்லை, வேண்டாமென்றா?
போனில் குரலை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

இலவசப் பதிப்பில் இருபது கோப்புகள் வரை மீட்கலாம்
என்கிறது திரை.
பத்தொன்பதுக்கும் குறியிட்டேன்.
அம்பை அந்த உள்ளங்கையின் மேல் நிறுத்தினேன்,
அழுத்தவில்லை.
அப்படியே விட்டுவிட்டு எழுந்துபோய்
அடுப்பைப் பற்றவைத்து
ஒரு முட்டை உடைத்தேன்.